ஒரு அடி பார்க்கும் கேமரா, வானம் பார்க்கும் ரேடார்

மூணாறில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் கோல்ஃப் பழக இடமில்லை. புல் சேறாவது ஒரு பக்கம் இருக்கட்டும், அடித்த பந்தை ஐம்பது யார்டுக்குள் மூடுபனி விழுங்கிவிடும். அதனால் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய விறகுக் கொட்டகையை இந்த வருடம் பயிற்சி அறையாக மாற்றினேன். வலை, பாய், விளக்கு எல்லாம் ஒரே வாரத்தில் அமைந்துவிட்டன. மாதக்கணக்கில் இழுத்தது ஒரே ஒரு சாமான்தான்: பந்தையும் ஸ்டிக்கையும் அளக்கும் பெட்டி. லாஞ்ச் மானிட்டர் என்பார்கள்.

(புத்தகங்களில் 'கிளப்' என்று எழுதுவதை நான் ஸ்டிக் என்றே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கிளப் என்றால் அது கட்டடம். அப்பா முப்பது வருடம் அங்கே கேடியாக, ஆட்டக்காரரின் ஸ்டிக் பையைத் தூக்கும் வேலை பார்த்தவர்.)

இந்தப் பெட்டிகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று ரேடார். பந்துக்குப் பின்னால் உட்கார்ந்து ரேடியோ அலையை அனுப்பும். பறக்கும் பந்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறியிருக்கும், அந்த மாற்றத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடும். நெடுஞ்சாலையில் போலீஸார் வண்டி வேகம் பிடிப்பதும் இதே சூத்திரம்தான். 2003ல் தொடங்கிய டென்மார்க் நிறுவனம் டிராக்மேன், இந்த வகையில் பெரிய பெயர். மற்றது கேமரா. பந்துக்குப் பக்கத்தில், அல்லது கூரையில் இருந்துகொண்டு, அகச்சிவப்பு வெளிச்சம் அடித்து, ஸ்டிக் பந்தில் படும் நொடியைச் சுற்றி மளமளவென்று படம் பிடிக்கும். அமெரிக்காவின் ஃபோர்சைட் நிறுவனம் முதலில் இரண்டு கேமரா கொண்ட ஜிசி2, 2017ல் நான்கு கேமரா கொண்ட ஜிசி குவாட், பிறகு மூன்று கேமரா கொண்ட ஜிசி3 என்று கொண்டுவந்தது.

கேமராவுக்குக் கிடைக்கும் அவகாசத்தை நினைத்தால் தலை சுற்றும். ஸ்டிக்கும் பந்தும் ஒட்டியிருப்பது அரை மில்லி நொடிக்கும் குறைவு. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் டிரைவரால் (அதிகத் தூரம் அடிக்கும் ஸ்டிக்) அடித்தால், டிராக்மேன் முன்பு வெளியிட்ட ஒரு சராசரிப்படி பந்து மணிக்கு 167 மைல் வேகத்தில் கிளம்பும். அதாவது ஒரு மில்லி நொடியில் ஏழரை சென்டிமீட்டர். அந்தப் பந்து நிமிடத்துக்கு 2,700 சுற்றுக்குப் பக்கமாகச் சுழலும். அதே மில்லி நொடியில் அது திரும்புவது வெறும் 16 டிகிரி. 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான ஸ்டிக்) என்றால் சுழற்சி 7,000 சுற்று, திருப்பம் 42 டிகிரி. இரண்டு படத்துக்கு நடுவே பந்தின் ஒரு புள்ளி எங்கிருந்து எங்கே போனது என்று பார்த்துச் சுழற்சியைச் சொல்லிவிடுகிறது இந்தப் பெட்டி. ஒன்றுக்கு மேற்பட்ட கண் ஏன் வேண்டும் என்றால், நமக்கு இரண்டு கண் எதற்கோ அதற்குத்தான். தூரமும் ஆழமும் ஒற்றைக் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது.

ஆனால் கேமரா பார்ப்பது பந்து போகும் அந்த முதல் ஒரு அடி தூரத்தைத்தான். பந்து எத்தனை யார்டு பறந்தது, எவ்வளவு உயரம் போனது என்று திரையில் வருவதெல்லாம் அதற்கப்புறம் போடும் கணக்கு. வெட்டவெளியில் ரேடார் அப்படியில்லை. பந்து காற்றில் இருக்கும்வரை அதன் பின்னாலேயே ஓடும். காற்று தள்ளினாலும் பந்து சாய்ந்தாலும் அதற்குத் தெரியும்.

அப்போது ரேடார்தானே மேல்? மைதானத்தில், வானம் தெளிந்த நாளில், ஆமாம். சந்தேகமே வேண்டாம். ஆனால் என் கொட்டகையின் நீளம் 15 அடி. ரேடார் பெட்டி பந்துக்குப் பின்னால் ஏழெட்டு அடி தள்ளி உட்கார வேண்டும், பந்து முன்னால் எட்டு அடியாவது பறக்க வேண்டும். இங்கேயே இடம் தீர்ந்துவிட்டது. மிச்சம் பிடித்து வைத்தாலும், எட்டே அடி பறந்து வலையில் விழும் பந்தில் சுழற்சியைப் பிடிக்க ரேடார் திணறும். சிறிய பெட்டிகள் பெரும்பாலும் ஊகம்தான் செய்கின்றன. இதற்காகவே உள்ளே ரேடாருக்குத் தெரியும் குறி பதித்த ஆர்சிடி பந்துகளை டைட்லிஸ்ட் விற்கிறது. தேயிலைச் செடிக்குள் விழுந்ததைப் பொறுக்கிக் கழுவி அடிக்கும் ஆளுக்கு அந்தப் பந்து கட்டுப்படியாகுமா?

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் நான்கு கேமரா பெட்டியை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். உடுமலை, சின்னார், மறையூர் வழியாக மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன். முதல் நாளே வீட்டில் சண்டை. 7 அயர்னில் அடித்தேன், திரை 148 யார்டு என்றது. அப்பா விறகுக் கட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏல, அந்த அடிக்கு நூத்தம்பத்தஞ்சு தாண்டும்ல."

"பெட்டி நூத்தி நாப்பத்தெட்டுங்குதுப்பா."

"பெட்டி எந்த ஊர்ல வளந்துச்சாம்?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் சரியான கேள்வி அதுதான். மென்பொருள் அமைப்பைத் திறந்து பார்த்தால், கடைசியாகப் பயன்படுத்தியவர் உயரத்தைக் கடல் மட்டத்தில் விட்டிருந்தார். மூணாறு சுமார் 1,500 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. பந்தைத் தடுக்கும் காற்று மெலிந்தால் பந்து நீளப் போகும், ஏறக்குறைய 6 சதவீதம். உயரத்தை மாற்றிப் போட்டதும் அதே அடி 157 ஆனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பீடியைப் பற்றவைத்தார். மலையில் கேமரா வாங்குகிறவர் முதலில் தொட வேண்டிய அமைப்பு இது. கொடைக்கானல், ஊட்டி என்றால் மூணாறைவிடவும் உயரம், வித்தியாசம் இன்னும் கூடும். வெளியே வைத்த ரேடார், பந்து விழுந்த இடத்தையே பார்த்துவிடுவதால் இந்தச் சிக்கல் அதற்குக் குறைவு. வலைக்குள் அடித்தால் அதுவும் கேமரா மாதிரி கணக்குப் பிள்ளைதான்.

இரண்டாவது சண்டை இன்னும் சுவாரசியம். மழை விட்ட ஒரு காலையில் பெட்டியை வெளியே புல்லில் வைத்து அடித்தேன். பந்து நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்து ஓடியது. அப்பா புல் பெயர்ந்த தடத்தைக் குனிந்து பார்த்தார். தடம் இடப்பக்கம் காட்டியது. ஸ்டிக் போகும் வழியில்தான் பந்து கிளம்பும் என்பது அவர் கேடியாகக் கற்ற பாடம். அந்தக் காலத்துப் பயிற்சியாளர்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியானால் பந்து இடப்பக்கம் அல்லவா கிளம்பியிருக்க வேண்டும்? திரை சொன்னது: ஸ்டிக்கின் பாதை 4 டிகிரி இடது, ஸ்டிக்கின் முகம் (பந்தில் படும் தட்டைப் பக்கம்) 1 டிகிரி வலது. பந்து கிளம்பும் திசையை முக்கால்வாசிக்கு மேல் தீர்மானிப்பது முகம்தான், பாதை இல்லை. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளிதான் பந்தை வளைக்கிறது. இந்த அளவீடுகள் பரவலான பிறகுதான் பழைய பாடம் தலைகீழானது.

"தடம் பொய் சொல்லலல்ல?" என்றார் அப்பா. சொல்லவில்லைதான். இடப்பக்கம் 4 டிகிரி என்பதைத் தடம் சரியாகவே காட்டியிருந்தது. முகத்தைத்தான் தடம் காட்டாது.

விலை ஏறுவதும் இந்த இடத்தில்தான். பந்தை மட்டும் பார்க்கும் பெட்டி ஒரு விலை, ஸ்டிக்கையும் பார்ப்பது வேறு விலை. ஜிசி குவாட் மாதிரிப் பெட்டிக்கு ஸ்டிக்கின் முகத்தில் நான்கு சிறிய பிரதிபலிப்புப் பொட்டு ஒட்டினால் முகக் கோணம், பந்து முகத்தில் எந்த இடத்தில் பட்டது என்பது வரை சொல்லிவிடும். பந்துக்குத் தனிக் குறியும் வேண்டாம். விலை 10 ஆயிரம் டாலருக்கு மேல். டிராக்மேன் 4, ரேடாரோடு கேமராவையும் சேர்த்துக்கொண்டது. அது 20 ஆயிரம் டாலரைத் தாண்டும். நான் இரண்டையும் ஆசையாகப் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

கூரையில் மாட்டும் கேமராக்களும் உண்டு. தென்கொரியாவின் யுனீகோர் இதில் பேர்போனது. அதன் க்யூஇடி பெட்டிக்குக் குறியிட்ட பந்து வேண்டும், ஐ எக்ஸ்ஓ பந்தின் குழிகளையே படித்துவிடும். இதன் பெரிய வசதி, இடக்கையரும் வலக்கையரும் மாறி மாறி அடிக்கலாம், எதையும் நகர்த்த வேண்டாம். பத்து அடி உயரத்தில் அசையாத கூரை வேண்டும். என் தகரக் கூரை ஆடி மாதக் காற்றுக்கு ஆடுகிற ஆட்டத்தில் கேமரா தொங்கினால் அது அளப்பது என் கூரையைத்தான்.

மலிவுப் பக்கம் வந்தால் கார்மின் ஆர்10, 2021ல் 599 டாலருக்கு வந்த ரேடார். எனக்கு இட நீளம் இல்லாததால் அது அப்போதே விழுந்துவிட்டது. மைதானத்துக்கு எடுத்துப்போகிறவர்களுக்கு நல்ல சாமான்தான். ரப்சோடோவின் எம்எல்எம்2 புரோ இரண்டு கேமராவையும் ரேடாரையும் சேர்த்து, வந்தபோது 699 டாலர். இதுவும் பின்னால்தான் உட்காரும். சுழற்சியை உண்மையில் அளக்க அச்சிட்ட சிறப்புப் பந்து கேட்கும், முழு வசதிக்கு ஆண்டுச் சந்தாவும் உண்டு. சந்தா என்பதே இந்தத் தொழிலின் புது வியாதி. பெட்டியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அதற்குள் இருக்கும் எண்ணைப் பார்க்க வருடா வருடம் கப்பம் கட்டுவது. விலையை ஒப்பிடும்போது மூன்று வருடச் சந்தாவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், மலிவானது சில நேரம் மலிவாக இருக்காது. ஸ்கைடிராக் முதலில் பந்தை மட்டும் பார்க்கும் கேமராவாக இருந்தது. 2023ல் வந்த ஸ்கைடிராக் பிளஸ் ஸ்டிக்குக்காக ரேடாரைச் சேர்த்துக்கொண்டது. ஆக, கேமராக்காரர் ரேடாரையும் ரேடார்காரர் கேமராவையும் தேடிப்போகிறார்கள். இரண்டு பேருக்கும் தங்கள் ஓட்டை எங்கே என்று தெரிந்திருக்கிறது.

கடைசியில் நான் வாங்கியது மூன்று கேமரா வகை, ஒருவர் பயன்படுத்தி விற்றது. பக்கத்தில் வைப்பதால் 15 அடி போதும். மேலேயும் ஒன்றும் மாட்ட வேண்டாம். குறை இரண்டு. அக்கா மகன் இடக்கையன், அவன் வரும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்து மட்டம் பார்க்க வேண்டும். பாயும் பெட்டியும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் கிளம்பும் கோணம் தப்பாகும், அதற்காக ஆசாரியிடம் பலகை ஒன்று இழைத்து வாங்கினேன். அடுத்த குறை பெரியது. இது ஸ்டிக்கின் வேகமும் பாதையும் சொல்லும், முகக் கோணமும் பட்ட இடமும் சொல்லாது. பந்து கிளம்பிய திசையும் பாதையும் தெரிந்தால் முகத்தைக் கணக்குப் போட்டு எடுக்கலாம்தான். ஆனால் அது பந்து நடுவில் பட்டால் மட்டும். டிரைவரின் நுனிப்பக்கம் பட்டால் முகமே திருகி, பந்துக்கு எதிர்ப்பக்கச் சுழல் ஏறிவிடும். அப்போது நான் போடும் கணக்கு முழுக்கத் தப்பு.

அதற்கு வெள்ளைப் பலகை மார்க்கரால் ஸ்டிக்கின் முகத்தில் தீற்றிவிட்டு அடிக்கிறோம். பந்து பட்ட இடத்தில் மை அழிந்து வட்டம் விழும். ஒவ்வொரு அடிக்கும் ஸ்டிக்கைத் திருப்பிப் பார்ப்பது சலிப்பாக இருந்தது. இப்போது அப்பா விறகுக் கட்டை மேல் உட்கார்ந்து, சத்தத்தை வைத்து முதலில் சொல்லிவிடுகிறார்: "நுனி." நான் திருப்பிப் பார்த்து நோட்டில் குறிக்கிறேன். நேற்று இருபது அடியில் பதினேழு சரி.