கையில் பத்து நிமிடம்: புத்தகமா, போனா, பதிவுக் குரலா, வாய்க்கதையா?

இரவு எட்டரைக்கு வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு உட்காரும்போது பிள்ளை தூங்குவதற்குப் பத்து நிமிடம்தான் பாக்கி. அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் கணக்கு. ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் எதைக் கொடுப்பது? அச்சுப் புத்தகம், போனில் மின்நூல், பெற்றோர் பதிந்து வைத்த குரல், வாய்க்கதை, யூடியூப் கதை என்று ஐந்து போட்டிக்கு நிற்கின்றன. எத்தனை கதை முடிந்தது என்று பார்த்தால் யூடியூப்தான் ஜெயிக்கும். பிள்ளை எத்தனை முறை வாய் திறந்தது என்று பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடும். கதை கேட்கிற பிள்ளையை ‘ம்’ கொட்டச் சொன்ன பாட்டிகளுக்கு இந்த அளவுகோல் தெரிந்தே இருந்தது.

அச்சுப் புத்தகம்

ஒன்றரை வயது வரை தடித்த அட்டைப் புத்தகம்தான் சரி. மெல்லிய தாள் வாய்க்குள் போகும், அல்லது கிழியும். அதன்பிறகு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி உள்ள, 16 பக்கத்துக்கு மிகாத படப்புத்தகம் போதும். பலர் செய்யும் தவறு, ‘வளர்ந்த பிறகும் ஆகுமே’ என்று பத்தி பத்தியாக எழுத்துள்ள புத்தகத்தை வாங்குவது. மூன்றாவது வரியிலேயே பிள்ளை பக்கத்தைப் புரட்டிவிடும். வாசிப்பவர் பாதி வாக்கியத்தில் நிற்பார்.

வாசிக்கும் முறைதான் இங்கே முக்கியம். அமெரிக்காவில் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு குழுப் பெற்றோரும் நான்கு வாரம் பிள்ளைகளுக்கு வாசித்தார்கள். வாசித்த அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு குழு மட்டும் இடையிடையே கேள்வி கேட்டு, பிள்ளை சொன்ன பதிலைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொன்னது. பேச்சுத்திறனில் அந்தக் குழுவின் பிள்ளைகள் முந்தினார்கள். வீட்டில் இதைச் செய்வது எளிது. “இது என்ன?” என்று கேளுங்கள். பிள்ளை “நாய்” என்றால், “ஆமா, நனைஞ்ச நாய். ஏன் நனைஞ்சுது?” என்று ஒரு படி ஏற்றுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். அவசரத்தில் இருப்பவர் இரண்டு எண்ணுவதற்குள் தானே பதிலைச் சொல்லிவிடுவார். பிள்ளையும் அடுத்த முறை வாயைத் திறக்காது. பக்கத்துக்கு ஒரு கேள்விக்கு மேல் போனால் அது பரீட்சை.

‘தினமும் அதே புத்தகமா?’ என்று சலிப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இங்கிலாந்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினரின் 2011ஆம் ஆண்டு ஆய்வில், வெவ்வேறு கதைகளில் புதுச் சொற்களைக் கேட்ட மூன்று வயதுப் பிள்ளைகளைவிட, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கே அந்தச் சொற்கள் நன்றாகப் பதிந்தன. ஆக, நாற்பது புத்தகம் வாங்கி அடுக்க வேண்டாம். தலையணைப் பக்கம் ஐந்து போதும். மாதம் ஒருமுறை இரண்டை மாற்றுங்கள்.

எழுதியபடியா, பேசுகிறபடியா?

அச்சுப் புத்தகத்துக்குள் இருக்கும் இன்னொரு போட்டி இது. தமிழ்ப் பெற்றோருக்கு நன்றாகத் தெரிந்த தலைவலி. புத்தகத்தில் ‘யானை ஆற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தது’ என்று இருக்கும். இரண்டு வயதுக் காதுக்குத் தெரிந்தது ‘யானை ஆத்துக்கு நடந்து போய்ட்டிருந்துச்சு’.

எழுதியபடியே வாசித்தால், சின்னப் பிள்ளைக்குச் சொல்லைப் புரிந்துகொள்ளவே நேரம் போகிறது, கதை கைநழுவுகிறது. முழுக்கப் பேச்சுக்கு மாற்றினால் கதை உடனே பிடிபடும், ஆனால் வேறு இரண்டு சிக்கல் வரும். களைத்துப்போன தலையோடு மாற்றும்போது நாக்கு தடுக்கும். அதோடு நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி வரும். கதையை மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளை “அப்படி இல்ல!” என்று சண்டைக்கு வரும். இதற்கு மருந்து பென்சில்: மாற்றிய வரியை மேலேயே பொடியாக எழுதிவிடுங்கள். ஒரு புத்தகத்துக்குக் கால் மணி நேரம் ஆகும், ஞாயிற்றுக்கிழமை வேலை.

எங்கள் தீர்ப்பு: மூன்று வயது வரை பேச்சுத்தமிழ்; திரும்பத் திரும்ப வரும் பல்லவி வரியை மட்டும் எழுதியபடி. மூன்றுக்கு மேல் எழுதியபடியே வாசித்து, படத்தைப் பற்றிய பேச்சைப் பேச்சுத்தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்புப் பாடநூலில் ‘வந்தார்கள்’, ‘இருக்கிறது’ எல்லாம் வரிசையாக வரும். அவை காதுக்குப் பழகியிருந்தால் கண்ணுக்கு வேலை பாதி.

இருமொழிப் புத்தகம் பற்றி ஒரு வார்த்தை. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996இல் தொடங்கியது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ள படப்புத்தகங்கள் அங்கே கிடைக்கும். வாங்கியவர்கள் காசுக்குப் பழுதில்லாமல் இரண்டையும் ஒரே இரவில் வாசிப்பார்கள். நேரம் இரட்டிப்பாகும், கதையின் ஓட்டம் பக்கத்துக்குப் பக்கம் அறுபடும். இன்று தமிழ், நாளை ஆங்கிலம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

போனில் மின்நூல்

காசில்லை, தேட அலைச்சலில்லை. பிள்ளைகளுக்கான பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள், இரண்டாம் நிலை 600 சொல்லுக்குள். பத்து நிமிடக்காரருக்கு முதல் நிலையே பொருத்தம். 600 சொல்லை நிதானமாக வாசித்தாலே ஏழெட்டு நிமிடம் ஓடிவிடும், பேச இடமிருக்காது.

குறை வேறிடத்தில். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிஃபனி மன்சர் குழுவினர் 2019இல், 37 பெற்றோர் தங்கள் சிறு பிள்ளைகளோடு தாள் புத்தகத்தையும் டேப்லெட் புத்தகத்தையும் வாசிப்பதைக் கவனித்தார்கள். டேப்லெட்டில் இருதரப்புப் பேச்சும் குறைந்தது. கருவியை யார் பிடிப்பது என்ற இழுபறிதான் கூடியது. கதையைப் பகலிலேயே இறக்கி, விமானப் பயன்முறையில் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, போனைப் படுக்கவாக்கில் பிடித்தால் பாதிச் சேதத்தைத் தவிர்க்கலாம். அசையும் படமும் ஒலிப் பொத்தானும் உள்ள செயலி வேண்டாம். பிடித்துப்போன கதையை அச்செடுத்து நடுவில் இரண்டு தையல் போட்டுவிட்டால் அதுவும் அச்சுப் புத்தகமே.

பதிவுக் குரல்

இரவுப் பணி, வெளியூர்ப் பயணம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் பலர் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள்: பிள்ளை பார்த்தேயிராத புதுக் கதையைப் பதிந்து அனுப்புவார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜான் ஹட்டன் குழுவினர் நான்கு வயதை ஒட்டிய 27 பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வெறும் ஒலியாகக் கேட்டபோது பிள்ளைகள் புரிந்துகொள்ளத் திணறினார்கள். அசையாப் படத்தோடு கேட்டபோதுதான் மொழி, காட்சி, கற்பனைப் பகுதிகள் சேர்ந்து இயங்கின. ஆகவே நேரில் நாலைந்து முறை வாசித்த புத்தகத்தையே பதியுங்கள். பாட்டியோ தாத்தாவோ அந்தப் புத்தகத்தைப் பிள்ளை முன் விரித்துப் பிடிக்கட்டும்.

பதிவு மூன்று நிமிடத்துக்குள் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இரைச்சல் குரலை விழுங்கும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் டம்ளரைக் கரண்டியால் ஒரு தட்டு. கேள்வி கேட்டால் ஐந்து வினாடி மௌனம் விடுங்கள். பிள்ளை அந்த இடைவெளியில் போனுக்குப் பதில் சொல்லும்.

வாய்க்கதை

விளக்கை அணைத்த பிறகும் இது வேலை செய்யும். கண் எரிகிற இரவில் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். படம் இல்லாததால் ஆளும் இடமும் பிள்ளைக்குத் தெரிந்தவையாக இருக்க வேண்டும்: தெருமுனைத் தையல்கடை, மாடிக் காக்கா. மூன்று நிகழ்ச்சிக்கு மேல் வேண்டாம். எழுத்துத்தமிழ் காதில் விழாது என்பதே இதன் குறை. வாரத்தில் இரண்டு இரவுக்கு மேல் இதை மட்டும் நம்பக் கூடாது.

யூடியூப்

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி இரண்டு வயது நிரம்பாதவர்களுக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பட்ரீஷியா குல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் அயல்மொழி ஒலிகளை நேரில் பேசியவரிடம் கற்றுக்கொண்டார்கள். அதே ஆளை வீடியோவில் பார்த்தவர்கள் கற்கவில்லை. போட்டே ஆக வேண்டிய நாளில் தானாக அடுத்தது ஓடும் வசதியை முதலில் அணையுங்கள். ஒரு கதை முடிந்ததும் “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இருக்கிறார் என்றால் அவர் கையில் புத்தகத்தையே கொடுத்துவிடலாம்.