"புத்தம் புதுசு" என்று வந்த பழைய டல்லாஸ் ஐசிகள், மாற்றுப்பெயர் அடித்த எல்டிஇசட்: 23,600 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஒரு லேபுக்காக நான் பழுது பார்க்கும் எச்பி 3458ஏ மல்டிமீட்டருக்கு நான்கு ஐசி வாங்க 23,600 ரூபாய் கட்டினேன். வந்த நான்கில் ஒன்றுகூட சொன்ன சரக்கு இல்லை. விற்றது, சின்ன வியாபாரிகள் எலக்ட்ரானிக் பாகங்களைப் பட்டியல் போட்டு விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் இருக்கும் ஒரு கடை. "எங்கும் கிடைக்காத ஐசி இங்கே கிடைக்கும்" என்பதுதான் அவர்கள் விளம்பரமே. பெயர் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் கடை திறப்பார்கள். அவர்கள் ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் உங்கள் பணம் மிஞ்சும். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

3458ஏ 1989-இல் வந்த, எட்டரை டிஜிட் வரை நுணுக்கமாகக் காட்டும் மீட்டர். எச்பி, அஜிலென்ட், கீசைட் என்று பெயர்ப்பலகை மாறினாலும் இன்றும் காலிபரேஷன் லேப்களில் இதை நம்பித்தான் மற்ற மீட்டர்களைச் சரிபார்க்கிறார்கள். இதில் வயதானால் கவலைப்பட வேண்டிய இடங்களில் இரண்டு முக்கியம்.

முதலாவது ஏ5 போர்டில் இருக்கும், டல்லாஸ் கம்பெனியின் மூன்று மெமரி ஐசிகள். ஒரு டிஎஸ்1220ஒய், இரண்டு டிஎஸ்1230ஒய். காலிபரேஷன் எண்கள் (மீட்டர் சரியாக அளக்க வேண்டிய திருத்த எண்கள்) முழுவதும் அந்த ஒரு 1220-இல்தான் உட்கார்ந்திருக்கின்றன, மொத்தமே 2048 பைட். ஒவ்வொரு ஐசிக்குள்ளும் ஒரு லித்தியம் செல்லை வைத்து ரெசின் ஊற்றி மூடியிருப்பார்கள், தனியாக செல் மாற்ற வழி கிடையாது. கம்பெனி உறுதி சொன்னது 10 வருடம். லேப்களில் ஓடுபவை பல அதைத் தாண்டி வெகுகாலம் ஆனவை. செல் செத்தால் மீட்டரை ஆஃப் செய்த அன்றைக்கே காலிபரேஷன் காலி. அப்புறம் 10 வோல்ட் ஸ்டாண்டர்டும் 10 கிலோஓம் ஸ்டாண்டர்டும் வைத்து முதலிலிருந்து ஏற்ற வேண்டும், பழைய டிரிஃப்ட் (அளவு மெல்ல மெல்ல நகர்ந்த) வரலாறும் அதோடு போய்விடும்.

இரண்டாவது ஏ9 போர்டில் இருக்கும் எல்டிஇசட்1000ஏ. மாறாமல் ஏறத்தாழ 7 வோல்ட் தரும் ஜீனர் டயோடு, அதை எப்போதும் ஒரே சூட்டில் வைக்க ஒரு ஹீட்டர், சூட்டைப் பார்க்க ஒரு டிரான்சிஸ்டர், எல்லாம் ஒரே சிப்பில். மீட்டர் காட்டும் ஒவ்வொரு வோல்ட்டும் கடைசியில் இந்த ஒன்றைத்தான் சார்ந்திருக்கிறது.

1220ஒய் புதுச் சரக்காக இப்போது கிடைப்பதில்லை, இருப்பு வைத்திருப்பவர்களிடம்தான் தேட வேண்டும். எல்டிஇசட் இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு பீஸ் வரவழைக்க கஸ்டம்ஸ், டியூட்டி, காத்திருப்பு எல்லாம் உண்டு. இந்த இடைவெளியில்தான் இந்த மாதிரிக் கடைகள் பிழைக்கின்றன.

விலை இப்படி: எல்டிஇசட்1000ஏ 11,500. டிஎஸ்1220ஒய் 3,300. டிஎஸ்1230ஒய் இரண்டு, தலா 4,400. ஆக மொத்தம் 23,600 ரூபாய்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களையும் அதே இடத்தில்தான் பிடிப்பார்கள். விலை குறைவு என்று ஆசை காட்டவில்லை, நியாயமான விலைதான் சொன்னார்கள். சாட்டில் பேசிய ஆளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. "சார், 3458-க்கா? அப்போ ஏ வேரியன்ட்தான் போடணும், சாதா 1000 ஒத்து வராது" என்று அவனாகவே சொன்னான். 3458ஏ-யில் ஹீட்டர் சூட்டை நிர்ணயிக்கும் ரெசிஸ்டர்கள் 15 கிலோஓம், 1 கிலோஓம் விகிதம் என்பதும், அதனால் சிப் சுமார் 95 டிகிரியில் ஓடும் என்பதும் அவன் வாயிலிருந்தே வந்தது. இந்த ஊரில் அதைச் சொல்லக்கூடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்புறம் படம் அனுப்பினான். டியூபில் இருந்த மெமரி ஐசிகள், டேட் கோடு (தயாரான வருடம், வாரம்) தெளிவாகத் தெரிகிறது, கால்கள் வளையாமல் தொழிற்சாலையிலிருந்து வந்த அகலத்திலேயே இருக்கின்றன. "இதே பீஸ்தான் சார் அனுப்புவேன், ஜிஎஸ்டி பில்லும் உண்டு." படத்தில் இருந்தவை நல்ல பீஸ்கள்தான். பார்சலில் வந்தவை வேறு.

பார்சலில் முதலில் கண்ணில் பட்டது டேட் கோடு. 1220-லும் இரண்டு 1230-லும் ஒரே டேட் கோடு, ஒரே எழுத்து வடிவம். வெவ்வேறு சைஸ் ஐசிகள் ஒரே வாரத்தில் தயாராகி, இத்தனை வருடம் கழித்து ஒரே பார்சலில் சேருவது நடக்கிற காரியமா? பஞ்சில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டு 1220-இன் மேல் பக்கத்தைத் தேய்த்ததும் கறுப்பு மை பஞ்சில் ஏறியது. அதன் அடியில் பழைய எழுத்தைச் சுரண்டிய கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். லூப் (பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தால் கால்களின் அடியில், ரெசினை ஒட்டிய இடத்தில், பழுப்பு நிற ஃப்ளக்ஸ் (சால்டர் பசை) பாசி பிடித்திருக்கிறது. எங்கேயோ ஒரு போர்டிலிருந்து பிடுங்கி, காலுக்கு மறுபடி ஈயம் பூசி, மேலே பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்தது ரீடிங். இது இந்த வகை ஐசிக்கு மட்டுமே உள்ள பரிசோதனை, தயவுசெய்து மனதில் வையுங்கள். டல்லாஸ் கம்பெனி 1230 ஐசியை அனுப்பும்போது உள்ளே இருக்கும் செல்லைச் சர்க்யூட்டிலிருந்து துண்டித்துத்தான் அனுப்பும். முதல்முறை சப்ளை கொடுக்கும்போதுதான் செல் இணையும். ஆக, உண்மையிலேயே புது 1230 என்றால் முதல் ரீடில் யாருடைய டேட்டாவும் இருக்க வழியில்லை. எதையும் எழுதுவதற்கு முன் பிரோகிராமரில் (ஐசியைப் படிக்கவும் எழுதவும் உள்ள கருவி) மாட்டி ரீட் மட்டும் செய்தேன். ஒரு 1230-இன் ஹெக்ஸ் பக்கத்தில் (மெமரியில் உள்ளதை அப்படியே காட்டும் திரை) வலது ஓரம் முழுக்க ஆங்கில வார்த்தைகள் வரிசையாக வருகின்றன: ஏதோ ஒரு மெஷினின் மெனு எழுத்துகள், நடுவில் 1997 என்று ஒரு தேதி. யாரோ பயன்படுத்திக் கழற்றிப் போட்ட மெமரி. இதைத்தான் எனக்குப் புதுசு என்று 4,400 ரூபாய்க்கு விற்றான்.

மற்ற இரண்டில் சோதனை எண்களாக 55, ஏஏ என்று மாறி மாறி எழுதி வெரிஃபை செய்தால் பாஸ். கழற்றி ஓர் இரவு வைத்துவிட்டு ரீட் செய்தால் இரண்டிலும் கன்னாபின்னாவென்று வேறு எண்கள். செல் செத்துப் போன ஐசி இப்படித்தான் ஏமாற்றும். கரண்ட் இருக்கும்வரை ஒழுங்காக வேலை செய்யும். அப்படியே 3458ஏ-யில் போட்டு, நல்ல காலிபரேஷன் எண்களை ஏற்றி, மூடி, டெலிவரி கொடுத்திருந்தால்? லேப்காரர் ஸ்விட்சை ஆஃப் செய்ததும் அத்தனையும் அழிந்திருக்கும்.

எல்டிஇசட் விஷயம் இன்னும் நுணுக்கம். ஏ போட்டது, போடாதது இரண்டும் வெளியில் ஒரே எட்டுக் கால் உலோகத் தொப்பி. ஜீனர் வோல்ட்டும் ஹீட்டர் ஓமும் அளந்தால் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் வரும். வித்தியாசம், உள்ளே சிப்பை ஒட்டியிருக்கும் விதம். ஏ போட்டதில் ஒரு வாட்டுக்கு 400 டிகிரி ஏறும், சாதாவில் 80 டிகிரிதான். அதனால் சூடாக்கித்தான் பார்க்க வேண்டும். 2, 4, 7 ஆகிய கால்களைச் சேர்த்து சப்ளையின் மைனஸில் கட்டுங்கள். மல்டிமீட்டரை டயோடு ரேஞ்சில் வைத்து, சிவப்பை 6-ஆம் காலிலும் கறுப்பை 7-ஆம் காலிலும் கொடுத்து ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1-ஆம் காலில் பிளஸ் கொடுத்து ஹீட்டருக்கு 0.1 வாட் போகும்படி வையுங்கள். ஹீட்டர் 300 ஓம் என்றால் ஏறத்தாழ 5.5 வோல்ட். 200 முதல் 420 ஓம் வரை பீஸுக்கு பீஸ் மாறும் என்பதால் முதலில் அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். டிகிரிக்கு சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் ரீடிங் இறங்கும். அசல் ஏ என்றால் 40 டிகிரி ஏறி 80 மில்லிவோல்ட் வரை இறங்க வேண்டும். சாதா என்றால் 8 டிகிரி, 16 மில்லிவோல்ட். எனக்கு வந்ததில் 19. போலாரிட்டியை மட்டும் மாற்றிவிடாதீர்கள், 4-ஆம் கால் 1, 2-ஐவிட மேலே போகக் கூடாது.

"சாதாவைப் போட்டால்தான் என்ன, அதுவும் எல்டிஇசட்தானே" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மீட்டருக்கு உள்ளே 35 டிகிரி இருக்கும்போது சிப் 95-க்குப் போக 60 டிகிரி ஏற வேண்டும். ஏ போட்டதில் ஜீனரின் சொந்தச் சூடே 11 டிகிரி கொடுத்துவிடும், ஹீட்டருக்கு 6 வோல்ட் போதும். சாதாவில் ஹீட்டர் 15 வோல்ட் கிட்டே கேட்கும். கன்ட்ரோல் செய்யும் டிரான்சிஸ்டரின் இழப்பையும் சேர்த்தால் கையில் மிச்சமே இல்லை. ஏசி போட்ட லேபில் சூடு நிலைக்காமல் அலையும், மீட்டர் நம்பியிருக்கும் ரெஃபரன்ஸ் வோல்ட்டும் கூடவே அலையும். எட்டரை டிஜிட் மீட்டரில் அது எவ்வளவு பெரிய கேடு என்று தெரிந்தேதான் அந்த ஆள் எனக்கு "ஏ வேரியன்ட்தான் போடணும்" என்று பாடம் எடுத்தான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தெரியாமல் விற்றிருந்தால்கூட மனது ஆறும்.

இனி தட்டிக் கழித்த கதை. முதல் பதில்: "உங்க பிரோகிராமர் செட்டிங் தப்பு சார்." அதே பிரோகிராமர், அதே செட்டிங், மீட்டரிலிருந்து கழற்றிய அசல் 1220-ஐப் பிழையில்லாமல் படிக்கிறது, வீடியோவே அனுப்பினேன். அடுத்தது: "ஸ்டேட்டிக் அடிச்சிருக்கும்." ஸ்டேட்டிக் அடித்தால் பெயின்ட் வருமா? பிறகு ஒன்று சொன்னான் பாருங்கள்: "நாலு நாள் சப்ளைல வைங்க சார், உள்ள பேட்டரி சார்ஜ் ஏறிடும்." உள்ளே இருப்பது சார்ஜ் ஏறாத லித்தியம் செல். நாலு நாள் போனால் ரிட்டர்ன் தேதி தாண்டிவிடும், அவனுக்கு வேண்டியது அதுதான். எல்டிஇசட்டுக்கு "பர்ன்-இன் பண்ணாம எப்படி சார் சொல்றீங்க" என்றான். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடினாலும் 80 டிகிரி 400 டிகிரி ஆகாது. அத்தோடு பதில் நின்றுவிட்டது.

தளத்தின் புகார்ப் பிரிவு அதைவிட மேல். பாக்கிங் பிரித்த பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை என்றார்கள். பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்டால், இது டெக்னிக்கல் தகராறு, தயாரித்த கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற மையத்திலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள் என்றார்கள். தயாரிப்பே நின்றுபோன ஐசிக்கு யார் கடிதம் கொடுப்பார்? கடைசியில் ஜிஎஸ்டி எண் கொடுத்து பில் வாங்கியதால் நான் நுகர்வோரே இல்லையாம், வியாபாரக் கொள்முதலாம். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு தானியங்கி மெசேஜ். 23,600 ரூபாயில் ஒரு ரூபாய்கூட திரும்பவில்லை. யாரும் தப்பு என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது பொறுமை இல்லை, அவசரமானவை மட்டும்.

பார்சலைப் பிரிப்பதிலிருந்து முதல் ரீட் வரை வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். டல்லாஸ் ஐசி என்றால் எழுதுவதற்கு முன் ரீட். சால்டர் செய்த பின் எந்தக் கடையும் திரும்ப எடுக்காது, எல்லாச் சோதனையும் அதற்கு முன்னாலேயே முடியட்டும். டேட் கோடு படத்தை நம்பாதீர்கள். எல்டிஇசட்டை அங்கீகாரம் பெற்ற டிஸ்ட்ரிபியூட்டரிடம் தவிர வேறெங்கும் வாங்காதீர்கள், தாமதமானாலும் பரவாயில்லை.

மீட்டரில் கை வைப்பதற்கு முன்பே ஜிபிஐபி (மீட்டரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கேபிள்) வழியாக எம்ரீட் கட்டளையில் காலிபரேஷன் மெமரியை எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். பழைய 1220-ஐ ஹாட் ஏர் வைத்துக் கழற்றாதீர்கள், உள்ளே இருக்கும் செல் தாங்காது. 24 காலையும் சால்டரை உறிஞ்சும் வாக்குவம் கன் வைத்து ஒவ்வொன்றாக எடுத்து, டர்ன்டு-பின் சாக்கெட் போடுங்கள். செல் தொல்லையே வேண்டாம் என்று எஃப்ரேம் (செல் இல்லாமலே டேட்டாவை வைத்திருக்கும் மெமரி) போட நினைப்பவர்கள், சிப் எனேபிள் கோடு (ஐசியை வேலைக்கு அழைக்கும் சிக்னல்) ஒவ்வொரு ரீடுக்கும் ஏறி இறங்குகிறதா என்று ஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் போடுங்கள். அது இறங்கியே கிடக்கும் போர்டில் எஃப்ரேம் வேலை செய்யாது.

பணம் போனால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. ஜிஎஸ்டி பில்லைக் காட்டி உங்களையும் விரட்டினால் விட்டுவிடாதீர்கள். பிழைப்புக்காகச் சொந்தத் தொழில் செய்பவர் தன் வேலைக்கு வாங்கும் பொருளுக்கு 2019 நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் புகார் பதிந்துவிட்டேன். ஹெக்ஸ் டம்ப், அசிட்டோன் வீடியோ, 19 மில்லிவோல்ட் ரீடிங் எல்லாம் இணைத்திருக்கிறேன். இதே மாதிரி பெயின்ட் அடித்த 1220 உங்களுக்கும் வந்திருந்தால் டேட் கோடு தெரியும் படத்தைக் கீழே போடுங்கள், புகாரோடு சேர்க்கிறேன்.