இன்டேக்கில் ஆயிலா? வால்வை மாற்றுவதா, கேட்ச் கேன் மாட்டுவதா?

இன்ஜினுக்குக் காற்று போகும் வழிதான் இன்டேக். அதில் ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றினால், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி வாயெல்லாம் ஆயில் பிசுக்கு. உடனே ‘கேட்ச் கேன் (ஆயிலை வழியிலேயே பிடித்து வைக்கும் டப்பா) மாட்டுங்க’ என்பார் ஒருவர். ‘அதெல்லாம் தண்டச் செலவு, பிசிவி வால்வை மாத்துங்க’ என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் ஒரே வண்டிக்கு இல்லை.

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் கசியத்தான் செய்யும். அதை வெளியேற்றாவிட்டால் அழுத்தம் ஏறி ஆயில் சீல் ஒழுக ஆரம்பிக்கும். அந்த வாயுவை இன்டேக்குக்கே திருப்பி அனுப்பி எரிக்க வைப்பதுதான் பிசிவி வால்வின் வேலை. வாயுவோடு ஆயில் ஆவியும் சேர்ந்து போகிறது. ஆகவே லேசான பிசுக்கு சகஜம். ஹோஸின் அடியில் ஆயில் தேங்கி நின்றால்தான் கவலை.

அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக். சர்வீஸில் ஆயிலை மேல் கோட்டுக்கு மேலே ஊற்றிவிடுவது நடக்கிற கதைதான். அளவு சரியாக இருந்தால் அடுத்து வால்வு. திறந்தபடியே சிக்கிக்கொண்ட வால்வு மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) இழுக்கும்போதெல்லாம் ஆயிலையும் சேர்த்து இழுக்கும். தனி வால்வாக இருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கழற்றிக் குலுக்கினால் உள்ளே ‘கடகட’ என்று ஆட வேண்டும், இல்லாவிட்டால் மாற்றிவிடலாம். பல புது இன்ஜின்களில் வால்வுக்குப் பதிலாக ஒரு ரப்பர் டயஃப்ரம் (சவ்வு), அதுவும் இன்ஜினின் டாப் கவரோடு சேர்ந்தே வருகிறது. அது கிழிந்தால் பல வண்டிகளில் கவரையே மாற்றச் சொல்வார்கள், செலவு எகிறும்.

சரி, கேட்ச் கேன். இதில் தரம் ரொம்ப முக்கியம். உள்ளே தடுப்பும் வலையும் இல்லாத வெறும் டப்பா அழகுக்குத்தான். ஆயில் துளிகள் பனிபோல நுண்ணியவை, மோதிப் படிய ஒரு பரப்பு இல்லாவிட்டால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். ஹோஸும் ஆயில் தாங்குகிற ரகமாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை மாட்டினால் ஊறிப் பொத்தென்று ஆகி, இழுவையில் ஒட்டிக்கொள்ளும்.

டர்போ பெட்ரோல் வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐடிலிங்கில் வாயு மேனிஃபோல்டுக்குப் போகும். பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) ஏறியதும் அந்த வழி அடைபட்டு, டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாய் வழியாகப் போகும். ஒரு பாதையில் மட்டும் கேன் மாட்டினால் பாதி வேலைதான் நடக்கும். கேனைத் திறந்தால் பால் கலந்த டீ மாதிரி ஒரு திரவம் இருக்கும்: ஆயில், தண்ணீர், கொஞ்சம் பெட்ரோல். அதை மறக்காமல் வடித்துவிட வேண்டும். மறக்கிற ஆள் என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

அப்படியானால் யாருக்குத்தான் கேன்? விர்ட்டஸ் 1.0 டிஎஸ்ஐ, வென்யூ 1.0 டர்போ போல சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களுக்கு. அங்கே இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ பெட்ரோல் வருவதில்லை, படிந்த ஆயில் கரியாக இறுகிவிடும். மாருதி கே-சீரிஸ் 1.2 போல இன்டேக் போர்ட்டிலேயே பெட்ரோல் தெளிக்கும் இன்ஜினுக்கு இது தேவையே இல்லை என்பேன். கேன் மாட்டினாலும் ஏற்கெனவே இறுகிய கரி போகாது. அதற்கு வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வதுதான் வழக்கமான வழி. வாரண்டியில் இருக்கும் வண்டியென்றால் மாட்டுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹோஸைப் பிடுங்கி வாயுவை அப்படியே வெளியே விடும் ஆட்களும் இருக்கிறார்கள். கேபினுக்குள் நாற்றம், ஐடிலிங் தடுமாற்றம், மாசு விதிமீறல் மூன்றும் இலவசம். பேச்சை இதோடு விடலாம்.

ஆயில் தேர்விலும் கொஞ்சம் லாபம் இருக்கிறது. நோவாக் சோதனையில் ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று பார்ப்பார்கள். ஏபிஐ எஸ்பி என்ற அமெரிக்க ஆயில் தரத்துக்கு உச்ச வரம்பு 15, ஏசிஇஏ சி3 என்ற ஐரோப்பியத் தரத்துக்கு 13. எண் குறைந்தால் இன்டேக்குக்குப் போகும் ஆவியும் குறையும்.

இதில் எதற்கும் பணம் போடுவதற்கு முன் ஒரு சோதனை. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, கையுறை போட்ட கையை மேலே வையுங்கள். லேசாக இழுத்தால் நல்லது. விசில் சத்தத்தோடு பலமாக இழுத்தால் பெரும்பாலும் டயஃப்ரம் கிழிந்திருக்கும். புகையோடு தள்ளினால் பிசிவி அடைத்திருக்கலாம். அது சரியாக இருந்தும் தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கலாம், கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வண்டியில் கேன் மாட்டினால் சீக்கிரம் சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான்.