சுற்றுச்சூழல் வேலைக்கு எந்தப் பட்டம்?

எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மலேசியத் தேர்வு) முடித்துச் சுற்றுச்சூழல் துறைக்குப் போக நினைக்கும் பினாங்கு மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: ஆற்று நீரைச் சோதித்து அறிக்கை தர விருப்பமா, அழுக்கு ஆற்றுக்கே வராதபடி சுத்திகரிப்பு நிலையம் அமைக்க விருப்பமா?

முன்னதற்குச் சுற்றுச்சூழல் அறிவியல் போதும்; பின்னதற்குப் பொறியியல் வேண்டும். அறிவியல் படித்தவருக்கு ஆய்வகம், அரசின் அமலாக்கப் பணி, ஆலோசனை நிறுவனம் என இடமுண்டு. உரிய தகுதிச் சான்றிதழ் பெற்றால் தொழிற்சாலையின் கழிவுநீர் நிலையத்தைப் பொறுப்பேற்று இயக்கலாம். ஆனால் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிய அந்தப் பட்டம் உதவாது. பொறியாளராக வரைபடத்தில் கையெழுத்திட முடியாது. "இரண்டும் ஒன்றுதானே" என்று கட்டணத்தை மட்டும் ஒப்பிடும் பெற்றோரைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பின்னால் மனம் மாறினால் பொறியியலை அடியிலிருந்து படிக்க வேண்டிவரும்.

பொறியியல் என்று முடிவெடுத்தவர்களுக்கு, பினாங்கைப் பொறுத்தவரை என் பரிந்துரை வேதிப்பொறியியல். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் வீட்டுச் சாக்கடை அல்ல. மின்னணுச் சில்லுகளை (சிப்) இரசாயனத்தால் அரித்துச் செதுக்கும்போது புளோரைடு சேர்கிறது. அதில் கால்சியம் கலந்து வீழ்படிவாக்க, அதாவது திடமாக அடியில் படியவைக்க வேண்டும். முலாம் பூசுவதில் செம்பு வருகிறது. காரத்தன்மையை உயர்த்தினால் அது படிந்துவிடும். அப்படிப் படியும் சேறும் சட்டம் அபாயகரமானது என்று பட்டியலிட்ட கழிவுதான். கண்ட இடத்தில் கொட்ட முடியாது. உற்பத்தியின் எந்தக் கட்டத்தில் மாசு பிறக்கிறது என்று அறிந்தவரால்தான் அதை அங்கேயே குறைக்க முடியும். 2019இல் ஜொகூரின் கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறக்கக் கூடாது.

வடிகால், வெள்ளம், கழிவுநீர்க் குழாய், குப்பைக்கிடங்கு ஆகியவற்றில் நாட்டமுள்ளவருக்கு சிவில் பொறியியல் பொருந்தும். தென் செபராங் பிறையில் பூலாவ் புரோங் கிடங்கின் கசிவுநீரைத் தேக்கிச் சுத்திகரிப்பது மண்ணும் நீரோட்டமும் தெரிந்தவரின் வேலை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும் அதே வட்டாரத்தில், நிபோங் திபாலில்தான் இருக்கிறது.

நேரடிச் சுற்றுச்சூழல் பொறியியலில் நீர், காற்று, திடக்கழிவு மூன்றையும் ஒருசேரப் படிக்கலாம். இத்துறையை விட்டு நகரமாட்டேன் என்ற உறுதி உள்ளவருக்கு நல்ல தேர்வு. ஆனால் வேலைச் சந்தை மந்தமானால் வேதிப்பொறியியல், சிவில் பட்டதாரிகளுக்கு இத்துறைக்கு வெளியே திறக்கும் கதவுகள் அதிகம்.

எந்தப் பொறியியலைத் தேர்ந்தாலும், விண்ணப்பிக்கும் முன் அந்தப் படிப்பு பொறியியல் அங்கீகார மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.