லோடு மீட்டர் முள்ளை நம்பி எரிந்த மோட்டார்: பழைய அமெரிக்க லேத், மூன்று வருட அனுபவம்

புதுவயல் ரைஸ் மில்களுக்கு வேலை பார்க்கவென்று பட்டறை போடப்போகும் தம்பி ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். "அண்ணே, உங்ககிட்ட இருக்கற மாதிரியே ஒரு அமெரிக்க லேத் வருது. 15 எச்.பி., லோடு மீட்டரோட. எடுக்கலாமா?" பத்து நிமிடம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

மிஷினைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காரைக்குடியில் என் பட்டறைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. நீளமான மில் ஷாஃப்ட்டைக் கடைந்தாலும் டேப்பர் விழாது, ஒரு முனை பருத்து மறுமுனை மெலியாது. கியர் சத்தம் இன்றும் ஒரே சீர். என் கோபமெல்லாம் ஹெட்ஸ்டாக் (வேலைப்பொருளைச் சுழற்றும் தலைப்பகுதி) மேல் இருக்கும் உள்ளங்கை அகல லோடு மீட்டர் மேல்தான். மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டுவது அது.

அதில் ஆம்ப்ஸ் எழுதியிருக்காது. 0 முதல் 120 வரை சதவீதம். 100-ஐத் தாண்டினால் சிவப்பு. பார்த்தவுடன் புரியும், அதனால்தான் நம்பினேன். முள்ளை 70-க்குக் கீழே வைத்துக்கொண்டு தை பிறந்ததிலிருந்து ஒரே தடவையில் ஆழமாகச் சீவும் பெரிய கட்டாகவே (கட்டிங்) எடுத்தேன். அறுவடை சீசன், மில்காரர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள். இரண்டாவது வாரம் வார்னிஷ் கருகும் வாசனை வந்தது. மெயினை அணைப்பதற்குள் மோட்டார் போய்விட்டது. அப்போதும் முள் சிவப்பைத் தொடவில்லை, கரண்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்தவேண்டிய ஓவர்லோடு ரிலேயும் டிரிப் ஆகவில்லை.

காயில் கட்டித் தந்தவர்தான் டெர்மினல் பாக்ஸைத் திறந்து காட்டினார். ஒன்பது வயர் மோட்டார். 230 வோல்ட்டில் இரண்டு செட் காயிலும் பேரலலாக ஓடும், முழு லோடுக்கு 42 ஆம்ப்ஸ். நம்ம 415-க்கு வேண்டும் என்று நாலையும் ஏழையும், அஞ்சையும் எட்டையும், ஆறையும் ஒன்பதையும் சேர்த்து சீரீஸாக்கியிருக்கிறார்கள். அது சரியான வேலைதான். அப்படிச் சேர்த்தால் முழு லோடு கரண்ட் பாதியாகி 21 ஆம்ப்ஸ் ஆகிவிடும். ஆனால் மீட்டருக்குப் போகும் சிடி காயில், அதாவது மோட்டார் வயரைச் சுற்றி இருந்து அதன் கரண்ட்டைச் சிறிதாக்கி மீட்டருக்குக் கொடுக்கும் வளையம், அதே 50/5 (50 ஆம்ப்ஸுக்கு 5). அதனால் மீட்டரில் 100 என்பது இன்னும் பழைய 42 ஆம்ப்ஸ்தான். ஓவர்லோடு ரிலேயும் அதே 42-ல் நிற்கிறது. விற்றவரும் சொல்லவில்லை, வயர் மாற்றியவரும் சொல்லவில்லை. இதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கணக்கு எளிது. மீட்டர் 70 காட்டியபோது வயரில் ஓடியது 29 ஆம்ப்ஸ். 21 தாங்கும் காயிலில் அது 1.4 மடங்கு. சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நேர்மாறாக, அதிக வோல்ட்டிலிருந்து 230-க்கு மாற்றுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. முள் இரட்டிப்பாகிச் சிவப்பில் போய் முட்டும், ஏதோ தப்பு என்று அன்றைக்கே தெரிந்துவிடும். பாதியாகக் காட்டும் மீட்டர் எந்தச் சந்தேகத்தையும் கிளப்பாது.

சரிசெய்ய ஆன செலவைக் கேட்டால் வயிறு எரியும்: ஒரு முழம் வயர். மெயினை அணைத்து, சிடி வளையத்துக்குள் போகும் பேஸ் வயரைக் கழற்றி, இன்னொரு தடவை அதே ஓட்டைக்குள் விட்டோம். இரண்டு தடவை போனால் 50/5 சிடி, 25/5 போல வேலை செய்யும். 21 ஆம்ப்ஸுக்கு முள் நேராக 100. ஓட்டைக்குள் எத்தனை தடவை போகிறது என்பதுதான் எண்ணிக்கை, வெளியே தெரியும் சுற்று அல்ல. 42-க்குப் போட்ட பழைய தடித்த வயர் இரண்டு தடவை நுழையாது. கரண்ட் பாதிதான் என்பதால் மெல்லிய வயர் போட்டோம். மிஷின் ஓடும்போது சிடியிலிருந்து மீட்டருக்கு வரும் வயரை மட்டும் கழற்றவே கூடாது, உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் ஏறும். ரிலேவையும் 21-க்கு மாற்றினோம்.

அப்புறம் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன். சும்மா ஓடும்போது 8 ஆம்ப்ஸ், முள் 38-ல். லோடே இல்லாமல் 38-ஆ என்று பயப்பட வேண்டாம், இந்த மீட்டர் கரண்ட்டைத்தான் காட்டும், மோட்டார் செய்யும் வேலையை அல்ல. வோல்டேஜ் இறங்கினால் அதே கட்டுக்கு முள் கொஞ்சம் ஏறும்.

இப்போது அந்த மீட்டர் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. இரும்பைச் சீவும் டிப் மழுங்குவதைக் காது கேட்பதற்கு முன்னால் முள் சொல்லிவிடுகிறது. அதே கட்டில் 62-ல் நின்றது 68-க்கு ஊர்ந்தால் டிப்பைத் திருப்பிப் போடுகிறேன். இந்த லேத்தை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

ஆனாலும் தம்பிக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். வயரை யார் மாற்றினார்கள், எதை விட்டார்கள் என்று தெரியாத மிஷினைச் சீசனுக்கு முன்னால் இறக்குவது அவருக்குத் தாங்காது. எடுத்தே தீருவேன் என்றால் டாங் டெஸ்டரோடு நானும் வருகிறேன். பணம் கொடுப்பதற்கு முன் டெர்மினல் பாக்ஸ், சிடி, ரிலே மூன்றையும் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.