மூன்றாவது பேரிங்: தள்ளும் ஒயர் டிரிம்மரோடு மூன்று வருடம்

தலைப் பேரிங் மூன்றாவது முறையாக மாறியது நேற்றுதான். கோபம் இன்னும் ஆறவில்லை. கீழே எங்காவது நியாயம் சறுக்கினால் அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோளில் மாட்டும் பிரஷ் கட்டரை விட்டுவிட்டு, நைலான் ஒயரைச் சுழற்றிப் புல் வெட்டும், சக்கரம் வைத்துத் தள்ளும் ஒயர் டிரிம்மர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக இது. 163 சிசி நாலு ஸ்ட்ரோக் என்ஜின், பெல்ட் டிரைவ், 56 செ.மீ. வெட்டு அகலம். தானாக நகராது, தள்ளித்தான் ஆகவேண்டும். மற்ற விவரம் எந்தக் கடை நோட்டீஸிலும் கிடைக்கும். ஓடுகிற இடம் தென்னந்தோப்பின் நடுவரிசைகளும், அதை ஒட்டிக் கல்லும் முள்ளுமாகக் கிடக்கும் தரிசும்.

இந்த மெஷினுக்கு ஒரே ஒரு நோய்தான்: புல் சுற்றும்.

ஒயர் மாட்டிச் சுழலும் தலைக்கும், அதற்கு மேலே அசையாமல் நிற்கும் உறைக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத் தண்டு வெளியே தெரிகிறது. வம்பு முழுக்க அந்த இரண்டு விரல் இடைவெளியில்தான். இடுப்பளவு வளர்ந்த கினியாப்புல்லை அடியில் வெட்டினால் அது பக்கவாட்டில் ஒழுங்காக விழாது. எதிரே நிற்கும் புல்லில் சாய்ந்து, மேல்பாதி திரும்பித் தலைமேல் கவிழும். ஒரு தாள் தண்டைத் தொட்டால் போதும், இழுத்து ஒரு சுற்று போட்டுக்கொள்ளும். அடுத்த தாள் அதன்மேல். பத்து நிமிடத்தில் வைக்கோல் பிரி முறுக்கியதுபோல் இறுகிவிடும், கத்திமுனை நுழைய இடமிருக்காது.

சுற்றியதும் மெஷின் நின்று தொலைத்தால் தேவலை. அதுதான் நிற்காதே. என்ஜினுக்குத் தெம்பு இருப்பதால் பிரியோடேயே ஓடும். பிரி உறையில் உரசிச் சூடேறும், கருகிய வைக்கோல் வாசம் வரும். அந்த வாசம் வந்தபிறகும் இந்த ஒரு வரிசையை முடித்துவிடலாம் என்று தள்ளினால், பேரிங்கின் ரப்பர் சீல் காய்ந்து உதடு விரியும். மண் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும். பிறகு ஒரு வாரமோ பத்து நாளோ கரகரவென்று சத்தம், அப்புறம் தலை ஆட்டம் காணும்.

கினியாப்புல்லாவது அறுத்தால் வந்துவிடும். பன்னாடை சுற்றினால் தெரியும் சேதி. தென்னை தானே நெய்து வைத்த துணி அது, குறுக்கும் நெடுக்கும் நார். கோவைக்கொடி, பிரண்டை எல்லாம் அதற்கு அடுத்துதான். தோப்பில் ஓட்டுவதற்கு முன் மட்டை, பாளை, பன்னாடை மூன்றையும் பொறுக்கி ஓரம் கட்டாமல் ஸ்டார்ட்டர் கயிற்றைத் தொடக்கூடாது. கொடிகளை முதலில் அரிவாளால் அறுத்து விட்டுவிட வேண்டும்.

பிரியை எடுக்க: என்ஜினை அணைத்து, பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, உடைந்த ஹாக்ஸா பிளேடு ஒன்றால் தண்டின் நீளவாக்கில் மேலிருந்து கீழாகக் கீறவும். வளையலைப் பிளந்ததுபோல் இரண்டு பாதியாகக் கழன்று வரும். குறுக்கே அறுத்தால் சீலைக் கிழிப்பீர்கள். முதல் பேரிங் போனது அப்படித்தான்.

பேரிங் நம்பர் 6204, உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47. கடையில் வெறும் நம்பரை மட்டும் சொன்னால் பெரும்பாலும் கைக்கு வருவது ‘இசட் இசட்’, அதாவது இருபுறமும் தகரமூடி. மண்ணிலும் சாற்றிலும் ஓடுகிற இந்தத் தலைக்கு அது உதவாது. ரப்பர் சீல் வைத்த ‘டூ ஆர்எஸ்’ என்று கேட்டு வாங்கவேண்டும். தலையைப் பிடிக்கும் போல்ட் இந்த வண்டியில் லெஃப்ட் திரெட், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் நீளப் பைப் மாட்டித் திருப்பி அந்தப் போல்ட்டின் மண்டையை மழித்த பட்டறையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பேரிங் இரண்டும் சேர்ந்தே சில நூறு ரூபாய்தான். ஆனால் மழித்ததை வெல்டு வைத்து எடுக்க அரைநாள் போயிற்று.

சுற்றுவதைக் குறைக்க வழி உண்டு. கம்பெனியே போட்டிருக்க வேண்டிய பாகம் அது. தோட்டத்துத் தண்ணீர் லைனில் மிஞ்சிய 63 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் கீறி விரித்து, அசையாத உறைமேல் மாட்டி, ஹோஸ் கிளிப்பால் இறுக்க வேண்டும். கீழ்விளிம்புக்கும் தலைக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி போதும். தலையைக் கையால் ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சுழலும் தண்டு இப்போது குழாய்க்குள் மறைந்துவிடுவதால் புல்லுக்குப் பிடிமானம் இருக்காது. முன்பு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்த முதுகு இப்போது மணிக்கு ஒருமுறை குனிகிறது. நாற்பது ரூபாய்க் குழாய் செய்த வேலை இது. இதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மீதி ஓட்டுகிற கையில் இருக்கிறது. இடுப்புயரப் புல்லை இரண்டு தடவையாக வெட்டுங்கள். முதலில் கைப்பிடியைக் கீழே அழுத்தித் தலையை ஒன்றரை அடி தூக்கி மேல்பாதி, பிறகு இறக்கி அடிப்பாதி. துண்டு குட்டையானால் சுற்ற நீளமிருக்காது. வெட்டியது எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் ஏற்கெனவே வெட்டின இடமாக இருக்கும்படி வரிசை பிடியுங்கள். திராட்டிலை முழுதாக ஏற்றி, தலை முழு வேகம் பிடித்த பிறகே புல்லுக்குள் நுழையவேண்டும். கிளட்ச் லீவரைப் பாதி அழுத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் பெல்ட் வழுக்கிப் பளபளவென்று ஆகிவிடும், அப்புறம் எவ்வளவு டைட் வைத்தாலும் பிடிக்காது. பனி காயட்டும் என்று காலை ஒன்பது, பத்து மணிவரை பொறுப்பதும் நல்லது. ஈரப்புல் உறைக்குள் அடைபோல் அப்பும்.

ஒயரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது, இவ்வளவு திட்டியபிறகும் சந்தோஷம் தருவது அதுதான். பிரஷ் கட்டரின் தட்டினால் நீளும் தலை இதில் கிடையாது. 4 மி.மீ. கனத்தில் 55 செ.மீ. துண்டுகள் இரண்டை மடித்துக் கோர்த்தால் நாலு முனை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றால் தலை அதிரும், அந்த அதிர்வும் போய்ச் சேருவது பேரிங்குக்குத்தான். வாங்கிவந்த சுருளைத் தகரக் கொட்டகையில் ஆணியில் மாட்டி வைத்தீர்களானால் சித்திரை வெயிலுக்குக் காய்ந்து, கல்லில் பட்டதும் கண்ணாடிபோல் ஒடியும். நைலான் ஈரம் குடிக்கிற பொருள். ஈரம் இருக்கும்வரைதான் வளையும். வெட்டிய துண்டுகளைத் தண்ணீர் வாளியில் இரண்டு நாள் ஊறப்போட்டு எடுத்தால் அதே ஒயர் ஒடியாமல் நுனியில் மட்டும் மெல்லத் தேயும். தரிசுக் கல்லில் ஊறாத ஒரு ஜோடி அரைமணிதான் தாங்கும், ஊறியது ஒன்றரை மணி. பிளேடாக இருந்தால் அந்தக் கல்லில் ஒரு நாளைக்கு இரண்டு முறை சாணை பிடிக்கவேண்டும்.

சதுர ஒயர் வேண்டாம். முதல் கால்மணி கூர்மையாக வெட்டும், அப்புறம் அதுவும் உருண்டைதான், விலை மட்டும் சதுரம்.

என்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயில் 600 மில்லி, முதல் 20 மணி ஓடியதும் ஒருமுறை மாற்றவேண்டும், பிறகு நூறு மணிக்கு ஒருமுறை. ஏர் ஃபில்டரை மட்டும் புழுதியில் ஓட்டினால் அன்றன்றே தட்டுங்கள். ஒரு மாதம் சும்மா நிற்கப் போகிறதென்றால் கார்புரேட்டரில் இருக்கும் இ20 பெட்ரோலை (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வடித்துவிடுங்கள், எத்தனால் தண்ணீரை இழுக்கும்.

கணக்குக்கு வருவோம். 56 செ.மீ. அகலம், மணிக்கு 2 கி.மீ. நடை என்றால் ஏக்கருக்கு மூன்றரை மணிக்குச் சற்று மேல். அது காகிதத்தில். வரிசைமேல் வரிசை ஏறுவது, வரப்பில் இழுப்பது, பிரி அறுப்பது எல்லாம் சேர்ந்து ஆறு மணி ஆகும். பிரஷ் கட்டரும் ஏறக்குறைய அவ்வளவுதான் எடுக்கும், ஆனால் அந்த ஆறு மணியில் தோள் செத்துவிடும். இங்கே எடை சக்கரத்தில், அதிர்வு கைக்கு வருவது குறைவு, மறுநாளும் ஓட்டலாம்.

செய்யாத வேலைகளும் உண்டு. சீமைக்கருவேலக் கன்று பென்சில் கனம் தாண்டிவிட்டால் ஒயர் பட்டையைத்தான் உரிக்கும். வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும் மரம் அது, கடப்பாரைதான் மருந்து. அதன் முள் காற்றடைத்த டயரை வாரம் ஒருமுறை பஞ்சர் ஆக்கும், கெட்டி டயர் மாட்டிவிடுங்கள். சொட்டுநீர்க் குழாயைப் புல்லோடு சேர்த்து வெட்டும், சத்தமே கேட்காது, மோட்டார் போட்டபிறகு ஊற்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தென்னை அடிமரத்தை ஒரு முழத்துக்கு நெருங்காதீர்கள், காயம்பட்ட இடத்தைத் தேடித்தான் சிவப்புக் கூன்வண்டு வரும். கொய்யா, முருங்கைக் கன்று என்றால் ஒரே சுற்றில் பட்டை வளையமாகக் கழன்று செடி போய்விடும். பார்த்தீனியத்தை இது வெட்டுவதில்லை, அரைக்கிறது. சாறு கால் முழுக்கத் தெறித்து அரிக்கும். பூக்குமுன் வெட்டுங்கள், முழங்கால்வரை பூட்ஸ் போடுங்கள், கண்ணாடி கட்டாயம். மாட்டுச்சாணம் எதிரில் வந்தால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை.

சரி, வாங்கலாமா? வேண்டாம். சொட்டுநீர் போட்ட ஒன்றிரண்டு ஏக்கர் தோப்புக்கு நல்ல பிரஷ் கட்டரும் சம்பளத்துக்கு ஒரு ஆளும் போதும். கல்லுக்காடு நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவர் மட்டும், குழாய்த் துண்டை முதலில் வாங்கிவைத்துக்கொண்டு யோசிக்கட்டும். இந்த வண்டியைப் பழைய விலைக்குக் கேட்டு ஒருவர் இரண்டு முறை வந்தார். கொடுக்கவில்லை. வாளியில் ஆறு ஜோடி ஒயர் ஊறிக்கொண்டிருக்கிறது, நாளைக் காலை மேற்கு வரப்பு ஓரம் வெட்டவேண்டும்.