மதுரை மொட்டை மாடிக்கு சீஸ்டார் எஸ்50 சரிப்படுமா?

சீஸ்டார் எஸ்50 என்பது வானத்தைத் தானே பின்தொடர்ந்து படமெடுக்கும் சிறு தொலைநோக்கி. சரிப்படும், கிழக்கே திருப்பினால். உச்சி வானத்துக்கு வந்தபின் எடுப்பதே நல்லது என்ற பொது அறிவுரை இந்த ஊரில் படத்தைக் கெடுக்கும்.

50 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. குவியத் தொலைவு, எடை சுமார் இரண்டரை கிலோ. கருவி மேல்-கீழாகவும் பக்கவாட்டிலும் மட்டுமே நகர்வதால், பின்தொடரும்போது படச் சட்டத்துக்குள் வானம் மெல்லச் சுழலும். மதுரையின் அட்சரேகை ஏறக்குறைய 10 டிகிரி. ஓரியன் நெபுலா (விண்வெளி வாயு மேகம்) உச்சத்தில் 75 டிகிரி உயரத்துக்குப் போய்விடும். அப்போது சுழற்சி மணிக்கு 57 டிகிரி. கிழக்கில் 50 டிகிரி உயரத்தில் இருக்கையில் வெறும் 8. ஆகவே 30 முதல் 55 டிகிரி வரை 30 நொடி எக்ஸ்போஷர் வையுங்கள். 65-ஐத் தாண்டினால் 10 நொடி. மூலை நட்சத்திரங்கள் கோடாக இழுபடுவது பெரும்பாலும் இதனால்தான், லென்ஸைச் சந்தேகிக்க வேண்டாம்.

ஈக்யூ முறையில், அதாவது கருவியின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து வைத்தால், சுழற்சியே இருக்காது. ஆனால் நம் ஊருக்குக் கருவியை ஏறக்குறைய படுக்க வைக்க வேண்டும், கூட வரும் குட்டி முக்காலி கவிழ்ந்துவிடும். கனமான முக்காலி போட்டு, ஒரு காலைச் சாயும் பக்கமாக, அதாவது வடக்கே வையுங்கள்.

தளத்துக் கம்பியும் தகரக் கூரையும் கருவிக்குள் இருக்கும் திசைகாட்டியைக் குழப்பும். வைத்த இடத்திலேயே காலிப்ரேஷன் செய்யுங்கள். தண்ணீர் மோட்டார் ஓடித் தளம் அதிரும்போது எடுக்காதீர்கள்.

உள்ளேயே இருக்கும் டியூவல் பேண்ட் ஃபில்டர் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஒளியை மட்டும் உள்ளே விட்டு, தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுக்கும். ஓரியன், ரோசெட், லகூன் நெபுலாக்கள் மூன்றுக்கும் அருமை. கார்த்திகைக் கூட்டத்தின் நீல மூட்டமும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியும் இதில் மங்கிப்போகும். அவற்றை ஃபில்டர் இல்லாமல், நிலவில்லாத இரவில், ஊருக்கு வெளியே எடுக்க வேண்டும்.

இங்கே இருப்பவர்களுக்குக் கிடைத்த வரம் கரீனா நெபுலா. ஏப்ரல் தொடக்கத்தில் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே 20 டிகிரி உயரத்தில் நிற்கும். அழகர்கோவில் பக்கம் போனால் நகர வெளிச்சம் சரியாக அதன் அடியில் விழும். திருமங்கலம் தாண்டிப் போங்கள், வெளிச்சம் முதுகுப்பக்கம் போய்விடும்.

கோள்களுக்காக இதை வாங்காதீர்கள். வியாழன் இருபது பிக்ஸல் அகலம்தான்.

ஒரு மணி நேரமாவது ஸ்டாக் செய்யுங்கள், அதாவது பல படங்களை ஒன்றாக அடுக்கிச் சேருங்கள். ஜேபெக் படத்தோடு நிறுத்தாமல் ஃபிட்ஸ் என்ற மூலத் தரவுக் கோப்பை எடுத்து, சிரில் என்ற இலவச மென்பொருளில் பின்னணி வெளிச்சச் சரிவை நீக்கிய பிறகே நிறத்தில் கை வையுங்கள்.